கிராணி வீட்டு மார்ட்டின்

பழைய கித்தாரைப் பாதுகாப்பது பற்றிப் படிக்கக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி, பனி பெய்யும் ஊர்க்காரர்கள் பனி பெய்யும் ஊர்க்காரர்களுக்கு எழுதியவை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றினால் காற்று வறண்டுவிடும், மரம் சுருங்கிப் பிளக்கும், ஆகவே பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வையுங்கள் என்பார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு அதை அப்படியே செய்தால் கித்தாருக்குள் பூஞ்சணம்தான் பூக்கும். கித்தார்த் தொழிற்சாலைகள் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்திக்கொண்டு மரத்தை ஒட்டுகின்றன. நம் நாட்டில் அது ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே கிடக்கிறது.

அப்படியிருந்தும் என்னிடம் உள்ள, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் செய்த 0-18 கித்தார், வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த வட்டாரத்துக் காற்றிலேயே கழித்துவிட்டு, முன்பலகையில் ஒரு கீறல் வெடிப்புகூட இல்லாமல் நிற்கிறது. அதை வாங்கியபோதும், வாங்கிய பிறகு வைத்துப் பராமரிப்பதிலும் நான் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். இதே போன்ற ஒன்று இன்னும் ஏதாவது ஒரு தோட்டத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கித்தார் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். அப்படிப் படிக்க வந்த ஒரு மாணவியின் அப்பாதான் சொன்னார்: லிந்தாங் போகும் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தவர் காலமாகிவிட்டார், அவர் வீட்டில் "வெள்ளைக்காரத் துரையின் கித்தார்" ஒன்று இருக்கிறது என்று. துரையின் கித்தார் என்று சொல்லி எனக்கு இதற்கு முன்பும் சிலர் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் சீனாவில் செய்த காப்போக் கித்தாராகத்தான் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, என் தலைமுறையில் பலர் விரல் பழகியதே காப்போக்கில்தான். துரை வாசித்தது என்று மட்டும் அதைச் சொல்லக்கூடாது.

இந்த முறை பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. ஒட்டு அட்டையில் செய்த பழைய பெட்டி, துருப்பிடித்த கொக்கிகள், உள்ளே இடுப்பு ஒடுங்கிய ஒரு சின்ன உடம்பு. கிராணியின் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அவர் இருந்தவரை யாரையும் தொடவிட்டதில்லை, தம்பி. சாயங்காலம் வாசிப்பார். வாசித்து முடித்ததும் கம்பியைத் தளர்த்தி அலமாரியில் வைத்துவிடுவார். ஆயுதபூஜைக்கு இறக்கிப் பொட்டு வைப்பார்" என்றார். உண்மைதான். தலைப்பகுதியில், நிறுவனத்தின் பெயருக்கு மேலே, குங்குமம் பட்டுப் பட்டு மேற்பூச்சான லேக்கருக்குள் இறங்கிய ஒரு செம்புள்ளி இருந்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் பார்த்தால் அதற்காக விலையைக் குறைப்பார். எனக்கு அது உறுத்தவில்லை, இன்றுவரை துடைக்கவும் இல்லை.

துரை ஊருக்குத் திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போனார் என்பது வீட்டில் சொல்லப்படும் கதை. நடந்திருக்கக் கூடியதுதான். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு வெள்ளைக்கார முதலாளிகள் வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். போகிறவர்கள் மேசை நாற்காலி, கிராமபோன், துப்பாக்கி என்று கிராணிமாருக்கும் தோட்டத்து மருத்துவ உதவியாளர்களான டிரசர்மாருக்கும் விட்டுப்போன கதைகள் இங்கே ஏராளம். ஆனால் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். காசு கொடுக்க வேண்டியது கித்தாருக்குள் குத்தப்பட்டிருக்கும் எண்ணுக்கு.

மார்ட்டினில் அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. ஒலித்துளை வழியாகக் கழுத்துப் பக்கம் பார்த்தால், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒரு மரக்கட்டை தெரியும். அதில் மேலே மாதிரியின் பெயர், கீழே வரிசை எண். 1898 முதல் ஒரே தொடராக எண் கொடுத்து வருகிறார்கள், ஆண்டுவாரியான பட்டியலும் வெளிப்படையாகக் கிடைக்கிறது. 1964-இன் கடைசி எண் 199626, 1965-இன் கடைசி எண் 207030. நான் பார்த்த எண் இந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது. கைப்பேசியை ஒலித்துளைக்குள் சாய்த்துப் படம் எடுத்தால் போதும், கம்பியைக் கழற்றக்கூட வேண்டாம்.

0 என்பது உடம்பின் அளவைக் குறிக்கும். சுழி என்றே சொல்லலாம், மார்ட்டின்காரர்கள் அளவு பெரிதாகப் பெரிதாகச் சுழிகளைக் கூட்டிக்கொண்டே போனவர்கள்: 0, 00, 000. கீழ்வயிற்றின் அகலம் இதில் 13½ அங்குலம். இன்று கடைகளில் தொங்கும் டிரெட்நாட் வகைக்கு 15⅝. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சுழியே கச்சேரி அளவு என்று பெயர் பெற்ற பெரிய கித்தார். 18 என்பது மரத்தையும் அலங்காரத்தையும் குறிக்கும்: முன்பலகை ஸ்புரூஸ், பக்கமும் முதுகும் மகோகனி, விரல்பலகையும், கம்பிகளை முன்பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜும் ரோஸ்வுட். பூவேலை ஒன்றும் கிடையாது.

இனி, நல்ல நிலையில் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஈப்போவில் ஒருவர் என்னிடம் காட்டிய பழைய கித்தார் கண்ணாடிபோலப் பளபளத்தது. மேலே புதிதாகக் கனமான பூச்சு அடித்திருந்தார்கள். தட்டினால் ஒலி உள்ளுக்குள்ளேயே அமுங்கிப்போனது. பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கும்போது முன்பலகையின் மரமும் கொஞ்சம் போய்விடுகிறது, மேலே புதுப் பூச்சின் கனமும் ஏறுகிறது. சந்தையிலும் அப்படிப் பூசியதற்குப் பாதி விலைதான். கிராணி வீட்டுக் கித்தார் மங்கலாக இருந்தது, கை உராயும் இடத்தில் பூச்சுத் தேய்ந்து மரம் தெரிந்தது, முறுக்காணிகள் கறுத்திருந்தன, விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் பச்சை படிந்திருந்தது. இவை எதுவும் எனக்குக் கவலை தரவில்லை. நான் பார்த்தவை வேறு.

முதலில் கழுத்தின் சாய்வு. நேரான நீளமான ஒரு இரும்பு அளவுகோலை ஃபிரெட்டுகளின் மேல் வைத்து பிரிட்ஜை நோக்கித் தள்ளினால், அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பில் வந்து உட்கார வேண்டும். அதற்குக் கீழே போய் மரத்தில் இடித்தால், கம்பிகளின் இழுப்பில் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது கழுத்தை நீராவியால் கழற்றி, இணைப்பைச் சீவி, கோணம் மாற்றி ஒட்ட வேண்டும். பெரிய வேலை, பெரிய செலவு. மார்ட்டின் 1985 வரை கழுத்துக்குள் திருகி நேராக்கும் கம்பியை வைக்கவே இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். 1965 கித்தாரில் உள்ளே இருப்பது வெறும் எஃகுப் பட்டை. தலைப்பக்கம் சாவி போடும் துளையைத் தேடி எந்தப் பயனும் இல்லை. கழுத்து வளைந்திருந்தால் திருகிச் சரிசெய்ய வழியில்லை, ஆகவே வாங்கும்முன்பே பார்த்துவிட வேண்டும்.

அடுத்து பிரிட்ஜ். மெல்லிய தாளின் முனையை அதன் பின்விளிம்பில் நுழைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் சற்றே உள்ளே போனது. பசை விட்டிருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். பிரிட்ஜுக்குப் பின்னால் முன்பலகை லேசாக உப்பியிருந்தது. கொஞ்சம் உப்பல் இருப்பது இயல்பு, கம்பிகளின் இழுவிசை மொத்தம் 70 கிலோவை ஒட்டி வரும், அதைத் தாங்கும் பலகையின் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். பிரிட்ஜுக்குப் பின்னே உப்பலும் முன்னே பள்ளமுமாகத் தாறுமாறாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பிறகு விரல்முட்டியால் முன்பலகையை மெல்லத் தட்டிக்கொண்டே போனேன். உள்ளே ஒட்டியிருக்கும் சட்டங்களில் ஒன்று கழன்றிருந்தால் கிரகிரவென்று ஓர் ஒலி வரும். வரவில்லை.

கடைசியாக பிக்கார்டு, மீட்டும்போது முன்பலகையில் கீறல் விழாமல் காக்கும் தகடு. அந்தக் காலத்து மார்ட்டின்களில் அந்த செல்லுலாய்டுத் தகட்டைப் பூச்சுக்கு அடியில், வெறும் மரத்தின் மேலேயே ஒட்டினார்கள். காலம் போகப்போக செல்லுலாய்டு சுருங்கும், மரத்தையும் சேர்த்து இழுக்கும், அதன் விளிம்போரமாக நீளவாக்கில் வெடிப்பு விழும். குளிர்நாட்டு மார்ட்டின்களில் இந்த வெடிப்பு அவ்வளவு சாதாரணம். இதில் தகட்டின் ஓரம் சுருண்டிருந்தது, மரம் வெடிக்கவில்லை. நம் காற்று செய்த உபகாரம் இது. ஈரத்தில் கிடந்த மரம் சுருங்கவே இல்லை, சுருங்காத மரம் ஏன் வெடிக்கப்போகிறது? குளிர்நாட்டில் வெடிப்பைத் தேட வேண்டும், நம் நாட்டில் பசை விடுதல், உப்பல், துரு, பூஞ்சணம், பூச்சித் துளை இவற்றைத் தேட வேண்டும். ஒரு கித்தார் எந்த ஊரில் கிடந்தது என்று தெரிந்தாலே அதில் எந்தக் குறையைத் தேடுவது என்பது பாதி தெரிந்துவிடும்.

அப்படியென்றால் ஈரம் ஏன் இதைக் கெடுக்கவில்லை? அந்த வீட்டைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. தூண்மேல் நிற்கும் பழைய பலகை வீடு, அடியிலும் பக்கத்திலும் காற்று ஓடும். பெட்டி தரையில் இல்லை, சிமெண்டுச் சுவரை ஒட்டியும் இல்லை, உள்ளறை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. கரையான் ஏறி வர வழியில்லை. அலமாரி மூலையில் துணிமூட்டையாக அடுப்புக்கரி கட்டிவைத்திருந்தார்கள். கரி எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்பது சந்தேகம்தான், துணிமணிக்காக வைத்தது, கித்தாருக்கும் கொஞ்சம் உதவியிருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த வீட்டில் ஏர்கான் கிடையாது. ஈரம் அதிகம், ஆனால் மாறாத ஈரம். மரம் எந்த நிலைக்கும் பழகிக்கொள்ளும், இரவில் ஒன்று பகலில் ஒன்று என்று அலைக்கழித்தால்தான் அதன் ஒட்டுகள் தளர்கின்றன.

விலையில் இழுபறி அதிகமில்லை. அந்த அம்மாவிடம் எண்ணையும் பட்டியலையும் காட்டி, இது என்ன விலைக்குப் போகக்கூடியது என்பதை முதலில் சொல்லிவிட்டேன். தெரியாதவர்களிடம் தெரியாத விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து பெருமையடித்துக்கொள்பவர்களை எனக்குப் பிடிக்காது. தவணையில் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஒரு நல்ல பழைய மோட்டார்சைக்கிளைவிட அதிகம், அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபிறகு முதல் வேலை சுத்தம். தூசிக்கு ஒரு கைவைத்தியம் உண்டு: ஒலித்துளை வழியாக ஒரு பிடி காய்ந்த பச்சரிசியைப் போட்டு மெதுவாக ஆட்டி, கவிழ்த்துக் கொட்டினால் பல ஆண்டுத் தூசியும் பல்லி முட்டை ஓடும் அரிசியோடு வந்துவிடும். மேலே, லேசாக ஈரப்படுத்திய பருத்தித் துணி மட்டும். மேசைக்குப் போடும் பாலிஷ் கூடாது. அதில் சிலிக்கோன் இருந்தால் பின்னாளில் பசையும் பூச்சும் ஒட்டாமல் போகும். விரல்பலகைக்குத் தேங்காயெண்ணெய் தேய்ப்பதும் நம்மிடம் ஒரு பழக்கம். அது சிக்குப்பிடித்து நாறும், வேண்டாம்.

நம் பட்டணத்தில் ஒரு கடைக்காரர் கித்தாரைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். புதுப் பூச்சு அடித்து, புது முறுக்காணி மாட்டி, அடியில் துளை போட்டு ஒலிபெருக்கிக்கு இணைப்பும் வைத்துத் தருவதாகச் சொன்னார். நன்றி சொல்லி வந்துவிட்டேன். முறுக்காணிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் அவை சுழன்றன. பிரிட்ஜ் வேலைக்குக் கோலாலம்பூரில் பழைய வாத்தியங்களை மட்டும் பார்க்கும் ஒரு கைவினைஞரிடம் கொண்டுபோனேன். அவர் பிரிட்ஜை முழுவதும் எடுத்து, அடியைச் சுத்தம்செய்து, திரும்ப ஒட்டினார். ஃபிரெட்டுகளைத் தேய்த்துச் சமப்படுத்தினார். நான் கேட்காமலேயே அவர் செய்யாமல் விட்டவையும் உண்டு, அதற்காகவே அவரை மதிக்கிறேன். சுருண்ட பிக்கார்டைத் தொடவில்லை. கம்பி உயரத்தைக் குறைக்க, பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலைச் சீவவும் இல்லை. "மரம் முதலில் காயட்டும்" என்றார்.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும். ஈரத்தில் முன்பலகை உப்பும்போது பிரிட்ஜ் மேலே ஏறுகிறது, கம்பிகளும் விரல்பலகையை விட்டு உயர்கின்றன, அழுத்த விரல் வலிக்கிறது. உடனே சேடிலைச் சீவிக் கீழிறக்கிவிடுவார்கள். பிறகு கித்தார் ஏர்கான் அறைக்குப் போகும், மரம் காயும், பலகை அமரும், கம்பிகள் ஃபிரெட்டில் உரசிக் கிரீச்சிடும். சீவியதை மீண்டும் வளர்க்க முடியாது. என் மாணவர்களின் கித்தார்களிலேயே இதை அடிக்கடி பார்க்கிறேன். மழைக்காலத்தில் கம்பி உயரத்தில் கைவைக்காதீர்கள்.

காயவைப்பதையும் அவசரப்படுத்தக்கூடாது. ஒரு சிறு அறையில் ஈரம் உறிஞ்சும் மின்கருவியையும் ஈரமானியையும் வைத்து, முதலில் 70 விழுக்காடு, பிறகு 65 என்று வாரக்கணக்கில் இறக்கி, இப்போது 55-ஐ ஒட்டி நிறுத்தியிருக்கிறேன். 45-க்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லை. மின்சாரம் தடைபட்டால் ஒரே நாளில் 80-க்கு ஏறிவிடும், அந்த ஏற்ற இறக்கத்தைவிட நடுவில் நிற்பது மேல். 12-ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பியின் உயரம் ஆரம்பத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. யாரும் எதையும் சீவாமலேயே 2.5-க்கு இறங்கிவிட்டது. ஒலியும் மாறியது. கீழ்ச் சுரங்களில் இருந்த மந்தம் போய், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே கேட்கத் தொடங்கியது.

கருவி வாங்க வசதியில்லையென்றால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போதும். நிறம் மாறியதும் சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். அலமாரிக்காகக் கடைகளில் விற்கும், தண்ணீர் சேரும் டப்பாக்களைக் கித்தார்ப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். அதில் சேர்வது கால்சியம் குளோரைடு கரைசல், சாய்ந்து கொட்டினால் மரமும் உலோகமும் தொலைந்தன. இரவில் மட்டும் ஏர்கான் போடும் படுக்கையறையில் சுவரில் மாட்டுவதும் வேண்டாம். அங்கேதான் வைக்க வேண்டுமென்றால் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள், பெட்டி அந்த மாற்றத்தை மெதுவாக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் கித்தாரை விடக்கூடாது என்பதைப் பெற்றோர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பசை இளகி பிரிட்ஜ் தெறித்த கித்தார்கள் அந்த வழியாகத்தான் என்னிடம் வருகின்றன.

இன்னும் இரண்டு எதிரிகள் நம் ஊருக்கே உரியவை. ஒன்று கொசு மருந்து. டீட் கலந்த மருந்தைக் கையில் பூசிக்கொண்டு வாசித்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கரைத்து, முன்கை படும் இடத்தைப் பிசுபிசுப்பாக்கிவிடும். மாலையில் வாசிப்பதாக இருந்தால் சுருளையோ வலையையோ நம்புங்கள், அல்லது நீளக் கைச் சட்டை போடுங்கள். மற்றது ரப்பர். கித்தார் நிறுத்தும் மலிவான தாங்கிகளில் இருக்கும் ரப்பர், வினைல் உறைகள் அந்தப் பூச்சோடு வினைபுரிந்து அழியாத தழும்பை விட்டுவிடும். பால்மரம் வெட்டி வாழ்ந்த ஊரில் ரப்பரைக் குறைசொல்ல மனம் வரவில்லைதான், ஆனால் தாங்கியின் மேல் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.

கம்பி விஷயத்தில் நான் 11-இல், அதாவது 0.011 அங்குலத் தடிமனில், தொடங்கும் மெல்லிய தொகுப்பையே போடுகிறேன். 12-உம் தாங்கும், ஆனால் இந்த உடம்புக்கு எதற்கு வீண் சுமை? கம்பியின் அதிரும் நீளம் இதில் 24.9 அங்குலம், டிரெட்நாட்டில் 25.4. அந்த அரை அங்குலம் குறைவதால் கம்பி சற்றுத் தளர்வாக இருக்கிறது, இடதுகை விரலால் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்தை அசைக்க முடிகிறது. கமகம் என்று சொன்னால் வீணைக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனாலும் மோகனத்தில் ஒரு பஜனைப் பாட்டுக்கு இது போதும். ஆறாவது கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கினால் ஐந்தாவதோடும் நான்காவதோடும் சேர்ந்து ச-ப-ச கிடைக்கிறது, தம்பூரா இல்லாத குறை பாதி தீர்கிறது. கோயில் பஜனையில் டிரெட்நாட் வாசித்தால் பாடுகிறவர் குரலையும் ஆர்மோனியத்தையும் அதன் கீழ்ச்சுரங்கள் அடைத்துவிடும். இந்தச் சின்ன உடம்பு தன் இடத்தில் இருந்துகொண்டு குரலுக்கு வழிவிடுகிறது. மேளதாளத்தோடு மேடையில் வாசிக்கக் கேட்கிறவர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன், அங்கே இது யாருக்கும் கேட்காது.

அண்மையில் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டார். விற்கும் எண்ணம் இல்லை என்பது ஒருபுறம், அக்கால மார்ட்டின்களின் விரல்பலகையும் பிரிட்ஜும் பிரேசில் ரோஸ்வுட் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. 1992 முதல் அந்த மரம், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2019-இல் மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்த வாத்தியங்களுக்குத் தளர்வு கொடுத்தபோதும் இதற்குக் கொடுக்கவில்லை. விற்பனைக்காக எல்லை தாண்ட வேண்டுமென்றால் அனுமதிப் பத்திரம் வேண்டும். மலேசியாவுக்குள் வாங்குவதற்கும் விற்பதற்கும் நடுவே எல்லை இல்லை, ஆகவே இங்கேயே தேடுவதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

சேடில் இப்போது பிரிட்ஜுக்கு மேலே 3 மில்லிமீட்டர் நிற்கிறது. கழுத்து இன்னும் கொஞ்சம் சாயச் சாய அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். 1½ மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் சீவுவதை நிறுத்திவிட்டு, கழுத்தைக் கழற்றி ஒட்டக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிடுவேன். அந்தச் செலவுக்கென்று மாணவர்கள் கொடுக்கும் கட்டணத்திலிருந்து மாதாமாதம் கொஞ்சம் வெள்ளி ஒதுக்கி வருகிறேன்.